விரல் வைப்பதற்கு முன்

காலையில் அந்தப் பெண் உள்ளே வரும் விதத்தைப் பார்த்தாலே பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓடி வரமாட்டாள். மூச்சு வாங்காது. காதில் பாட்டுக் கேட்கும் இரண்டு வெள்ளைப் பொத்தான்களைச் செருகிக்கொண்டு, ஏதோ பூங்காவுக்கு வந்தவள்போல நடந்து வருவாள். கதவுக்கு வெளியே சுவரில் இருக்கும் கைரேகை மிஷின் முன்னால் நின்று, அதன் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சை வந்ததும் விரலை வைப்பாள். அதற்குப் பிறகுதான் அந்த அறையும் அதில் இருக்கும் மனிதர்களும் அவள் கண்ணில் படுவார்கள்.

"குட் மார்னிங்க்கா. ஸ்டீம் மிஷின் ரெடியா?"

"ரெடிதான் மகாராணி. நீங்க வர்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"தேங்க்ஸ்க்கா."

குத்தல் அவளுக்கு உறைக்காது. அல்லது உறைத்தும் உறைக்காததுபோல இருக்கத் தெரிந்து வைத்திருந்தாள். அவளுக்குப் பெரியக்கா வைத்த பெயர் பட்டன். காதில் இருக்கும் பொத்தான்களுக்காக வைத்தது. அழுத்தினால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும் என்றும் சின்னக்காவிடம் விளக்கம் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் வேலை செய்யும் இடம். மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் ரத்தம் காயாமல் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, ஆளுயர நீராவி மிஷினுக்குள் ஏற்றி எடுத்து, இன்னொரு ஜன்னல் வழியாக மேலே அனுப்ப வேண்டும். நோயாளி யாரும் இவர்களைப் பார்த்ததில்லை. இப்படி ஓர் அறை இருப்பதே டாக்டர்களில் பலருக்குத் தட்டு வரத் தாமதமாகிற அன்றுதான் ஞாபகம் வரும்.

நைட் ஷிஃப்ட் நடுராத்திரியோடு முடிந்துவிடும், அதனால் காலையில் மிஷின் ஆறிக் கிடக்கும். தண்ணீரை வடித்து, நீராவியைத் திறந்து, சூடேறியதும் ஒருமுறை காலியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வைத்த சோதனைத் தாள் முழுக்கக் கறுத்து வெளியே வந்தால்தான் அன்றைக்கு மிஷினை நம்பலாம். தொட்டிகளில் மருந்துத் தண்ணீர் கலக்க வேண்டும். எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரத்துக்கென்று தனி அலமாரியில் இருக்கும் பொட்டலங்களை விட்டால், இருக்கிற தட்டுகள் குறைவு. நேற்றுக் கடைசியாக வந்த தட்டுதான் இன்று முதலில் மேலே போக வேண்டும். ஆகவே யாராவது ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் வந்துதான் ஆக வேண்டும்.

அந்த ஒருத்தர் இருபத்தாறு வருஷமாகப் பெரியக்கா.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது தலைமை நர்சாக இருந்த சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, "நீ பொறுப்பான பொண்ணு. கொஞ்சம் முன்னால வந்து மிஷினைப் போட்டு வெச்சிடும்மா," என்று அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். யாரும் எழுத்தில் எதையும் தரவில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. பெரியக்காவுக்கும் அது தோன்றவில்லை. அவளுக்குக் கிடைத்தது சாவி. அத்தனை பேர் இருக்க, அவளிடம் கொடுத்த சாவி. அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் காட்டினாள். "எதுக்கு, ஆஸ்பத்திரியை எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்றார் அவர்.

சிஸ்டர் காலத்தில் கொடுக்கல் மட்டும் இருக்கவில்லை, வாங்கலும் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்றால், "போ போ, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்பார். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் மத்தியானமே கிளம்பலாம். சிஸ்டர் ஓய்வு பெற்று, புது மேனேஜர் வந்து, கைரேகை மிஷின் மாட்டியபோது வாங்கல் நின்றுபோனது. கொடுக்கல் நிற்கவில்லை. அதைப் பெரியக்கா கவனிக்கவும் இல்லை. வேலை நேரம் தொடங்கும்வரை அந்த மிஷின் யார் விரலையும் ஏற்காது. அவள் பாதி வேலையில் ஓடிவந்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். அது 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று கத்தும். கத்தட்டும் என்று இன்னொரு விரலை வைப்பாள்.

அவளோடு அதே வருஷம் சேர்ந்த சின்னக்காவும் முன்னதாகவே வந்துவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். தொட்டி வேலை அவளுடையது.

பட்டன் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு வருஷ ஒப்பந்தம். வேலை தெரியாதவள் இல்லை. கை சுத்தம், கண் கூர்மை. அதுதான் பெரியக்காவுக்கு இன்னும் எரிச்சல். ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம்.

ஒரு சாயங்காலம் நேரம் முடிந்ததும் பட்டன் கையுறையைக் கழற்றினாள். அவள் முன்னால் ஒரு பெரிய தட்டு பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?"

"டைம் ஆச்சுக்கா. நைட் ஷிஃப்ட்டுக்குச் சொல்லிட்டேன், அவங்க முடிச்சிடுவாங்க."

"பாதி அடுக்குன தட்டை அடுத்தவ கையில குடுப்பியா? எது வெச்ச, எது வெக்கலன்னு அவளுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"வெச்சதெல்லாம் இடது பக்கம் இருக்குக்கா. அவங்ககிட்ட காட்டிட்டேன்." போய்விட்டாள். பொத்தான்கள் காதில் ஏறிவிட்டன.

நைட் ஷிஃப்ட்காரியைத் தள்ளிவிட்டுப் பெரியக்காவே உட்கார்ந்து முதலிலிருந்து அடுக்கினாள். ஒரு சாமானும் குறையவில்லை, கூடவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. அப்படியே மாடியேறி மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் முப்பதைத் தாண்டாதவர். முன்பு ஏதோ பொட்டலம் அனுப்பும் கம்பெனியில் இருந்தவராம். பெரியக்காவைச் சாதாரண நாளில் "அக்கா" என்பார். கெட்ட செய்தி சொல்லும் நாளில் மட்டும் "மேடம்".

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல தம்பி. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வேலைன்னா என்னன்னே தெரியல. மணி அடிச்சா வர்றாங்க, மணி அடிச்சா போறாங்க. நாங்கல்லாம் விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே மிஷினைச் சூடாக்கி, ஓட்டிப் பாத்து, தொட்டி ரெடி பண்ணி, பாதி வேலையை முடிச்சு வெச்சிடறோம். என்னைக்காவது வந்து உங்ககிட்ட கணக்குச் சொன்னோமா?"

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "தினமுமா?"

"தினமும்தான்."

"எவ்வளவு நேரம் முன்னாடிக்கா?"

பெருமையாகச் சொன்னாள். அவர் எதையோ தட்டி வைத்துக்கொண்டார். "சூப்பர்க்கா. உங்களை மாதிரி ஆளுங்கதான் இந்த இடத்துக்கு முதுகெலும்பு."

முதுகெலும்பு நிமிர்ந்து கீழே இறங்கி வந்தது.

அடுத்த வாரம் சுவரில் தாள் ஒட்டினார்கள். இனிமேல் பகல் ஷிஃப்ட் முழுவதும், கைரேகை நேரத்துக்கு முன்பாகவே வந்து, உடை மாற்றி, ஆயத்த வேலைகளை முடித்திருக்க வேண்டும். பல வருடங்களாக மூத்த ஊழியர்கள் பின்பற்றிவரும் முன்மாதிரி இது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இது கவனத்தில் கொள்ளப்படும்.

பெரியக்கா அதை இரண்டு முறை படித்தாள். 'முன்மாதிரி' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். உடை மாற்றும் அறையில் பட்டன் காத்திருந்தாள். காதில் எதுவும் இல்லை.

"நீங்கதானேக்கா போய்ச் சொன்னீங்க?"

"ஆமா. நீ தட்டைப் பாதியில போட்டுட்டுப் போனதைச் சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"அது இல்ல. முன்னாடியே வந்து வேலை செய்றதைச் சொன்னீங்க."

"செய்றதைத்தானே சொன்னேன்? செய்யாததையா சொன்னேன்?"

"உங்களை யாருக்கா செய்யச் சொன்னா?"

"ஏய், வாயை அளந்து பேசு. நான் செய்யலைன்னா மேல வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பாங்க, தெரியும்ல?"

"திறக்க மாட்டாங்கக்கா. தட்டு வந்தப்புறம்தான் திறப்பாங்க. லேட்டாகும், அவ்வளவுதான். லேட்டாச்சுன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா ஆள் போடுவாங்க, இல்ல டைமை மாத்துவாங்க. இத்தனை வருஷமா யாருமே கேக்காத மாதிரி நீங்க பாத்துக்கிட்டீங்க."

"பெரிய படிப்பு படிச்சவ பேசறா!"

"எம் புள்ளையை விடுற காப்பகம் அவ்வளவு சீக்கிரம் திறக்காதுக்கா. வாசல்ல உக்கார வெச்சுட்டு வரட்டுமா? ரெண்டு வயசு."

"நானும் பெத்தவதான். நான் வரலையா?"

"உங்க புள்ளையை யாரு பாத்துக்கிட்டா?"

"அவங்கப்பா."

"எம் புருஷன் அந்நேரத்துக்கு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸே ஏறியிருக்க மாட்டான். நீங்க தானம் பண்ணீங்க, சந்தோஷம். அடுத்தவ வீட்டுச் சாமானையும் எடுத்து ஏன்க்கா தானம் பண்றீங்க? ரெண்டு மாசத்துல என் வேலை போயிடும். நல்லா இருங்க."

பெரியக்கா திரும்பிச் சின்னக்காவைப் பார்த்தாள், நீயாவது ரெண்டு வார்த்தை சொல்லேன் என்பதுபோல. சின்னக்கா தலைத்துணியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் முழங்கால் முடியலடி. நீ தனியா கிடப்பியேன்னுதான் வந்துட்டிருக்கேன்."

"இத்தனை வருஷமா?"

"நீ கேக்கலையே."

அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மகள் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். வங்கியொன்றின் போன் சேவையில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். புருஷன் ஊரில் இல்லாத நாட்களில் இங்கே சாப்பாடு. பெரியக்கா நடந்ததை எல்லாம் கொட்டினாள். "நீயே சொல்லு, என் வயசுக்கு என்னைப் பாத்து யாரு செய்யச் சொன்னான்னு கேக்கறா."

"சரியாத்தானேம்மா கேட்டிருக்கா."

கரண்டி மேடையில் விழுந்தது. "உனக்கும் எகத்தாளமா? அந்த வேலையிலதான் உன்னைப் படிக்க வெச்சேன்."

"சம்பளத்துலதான் படிச்சேன். அதை நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா காலையில நீ போற நேரம் சம்பளத்துல இல்லையேம்மா. அந்த நேரத்துல அப்பா எனக்குச் சடை பின்னுவாரு. ஒண்ணு காது மேல, ஒண்ணு கழுத்துக்குக் கீழ. பத்தாவது வரைக்கும் கிளாஸ்ல எம் பேரு 'தராசு'. உனக்குத் தெரியுமா?"

"நான் நல்லாத்தான் பின்னுனேன்," என்றார் அப்பா தட்டைப் பார்த்தபடி.

"உங்களைச் சொல்லலப்பா."

பெரியக்கா எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். மகள்மேல் கோபம். பட்டன்மேல் கோபம். சின்னக்காமேல் அதைவிடக் கோபம். கூடவே நின்றவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார்மேல் படவேண்டுமோ அங்கே அது இன்னும் போய்ச் சேரவில்லை.

சேர்ந்தது அந்த வாரக் கடைசியில். புருஷனுக்குக் கண்புரை ஆபரேஷன் வேறோர் ஆஸ்பத்திரியில் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பான பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். சாயங்காலம் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதும். பெரியக்கா மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

"அரை நாள் லீவ் போட்டுக்கங்க மேடம்."

"அரை மணிக்கு எதுக்குத் தம்பி அரை நாள்?"

"சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும் மேடம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் தினமும் காலையில முன்னாடி வரேனே. அதுல கழிச்சுக்கங்களேன்."

மேனேஜர் புன்னகை செய்தார். கெட்டவர் இல்லை, அந்தப் புன்னகை பொறுமையான புன்னகை. "அது கணக்குலயே இல்ல மேடம். அந்த நேரத்துல நீங்க டியூட்டியில இருக்கறதா எங்கயும் இல்ல. அது உங்க விருப்பம்."

"விருப்பமா?"

"ஆமா. நீங்களா விரும்பி வர்றது."

"அப்போ சுவத்துல ஒட்டியிருக்கீங்களே, மத்தவங்களும் வரணும்னு. அது யாரு விருப்பம்?"

"அது... எதிர்பார்ப்பு மேடம்."

பெரியக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். படிக்கட்டில் யாரோ வழி கேட்டார்கள். பதில் சொல்லாமல் தாண்டிப்போனாள். அவள் செய்ததை யாரும் திருடவில்லை. இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திருடியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அடுத்து வந்த வேலை நாள், சாயங்காலம் நேரம் முடிவதற்குள்ளாகவே அவசர அலமாரியை ஒருமுறை பார்த்து, அது நிரம்பியிருக்கிறதா என்று சரிபார்த்தாள். ராத்திரி யாராவது அடிபட்டு வந்தாலும் குறை இருக்கக் கூடாது. அதில் அவள் விளையாடத் தயாராக இல்லை. சின்னக்காவை மட்டும் கூப்பிட்டு, "நாளைக்கு உன் முழங்காலுக்கு லீவு. நேரத்துக்கு வா, போதும்," என்றாள்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு முழிப்புத் தட்டிவிட்டது. அதை அவளால் மாற்ற முடியவில்லை. வழக்கமான நேரத்துக்கே வந்தும் சேர்ந்தாள். ஆனால் கதவைத் திறக்கவில்லை. எதிரே சுவரோரம் இருந்த பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரவு ஷிஃப்ட்காரி பூட்டிவிட்டுப் போய்விட்டிருந்தாள். உள்ளே விளக்கு இல்லை. மிஷின் ஆறிக் கிடக்கும். அது ஆறிக் கிடப்பது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சின்னக்கா வந்தாள். பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பட்டன் வந்தாள். பூட்டிய கதவையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதில் இருந்ததைக் கழற்றினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பச்சை வரட்டும்."

உள்ளே போன் அடித்தது. தியேட்டரிலிருந்துதான். அந்த நேரத்துக்கு அங்கிருந்துதான் அடிக்கும். நின்று மறுபடி அடித்தது. பெரியக்காவின் முழங்கால்கள் தானாக எழப் பார்த்தன. பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை அடித்தபோது பட்டனே, "நான் எடுக்கட்டுமாக்கா?" என்றாள்.

"உக்காருடி!"

உட்கார்ந்தாள்.

மேனேஜர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி வந்தார். சட்டைக் கை ஒன்று மடித்தும் ஒன்று மடிக்காமலும் இருந்தது. "அக்கா! என்ன இது? மேல டாக்டர் கத்தறாரு! மிஷின் போடலையா?"

"போடணும் தம்பி."

"போடுங்களேன்! சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா நான் இன்னும் டியூட்டிக்கு வரலையே. நீங்கதானே சொன்னீங்க, நான் எங்கயும் இல்லைன்னு. இல்லாதவ எப்படித் தம்பி கதவைத் திறப்பா?"

"நோயாளிங்க விஷயம்க்கா இது..."

"நோயாளியை எனக்குச் சொல்றீங்களா?" குரல் அந்த நடைவழி முழுக்கக் கேட்டது. சலவை அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "அவசர அலமாரி ரொம்பி இருக்கு. சாவுற உசுரு எதுவும் எனக்காகக் காத்திருக்கல. காத்திருக்கறது உங்க முதல் ஆபரேஷன், நேரம் குறிச்சு வெச்சது. அதுக்கு மிஷின் எத்தனை மணிக்குச் சூடாகணும்னு நீங்க ஒருநாளாவது யோசிச்சீங்களா? யோசிக்க வேண்டியிருக்கல. இங்க ஒருத்தி இருந்தா. இருபத்தாறு வருஷம். அதுக்கு நீங்க வெச்ச பேரு விருப்பம். என் விருப்பம் தீந்துபோச்சு, போங்க!"

மேனேஜர் பட்டனைப் பார்த்தார், இவள்தான் ஏற்றிவிட்டிருப்பாள் என்று. அதையும் பெரியக்கா பார்த்துவிட்டாள். "அவளை என்ன பாக்கறீங்க? அவளுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஊருக்கே தெரியும்."

விளக்கு பச்சையானது. பெரியக்கா எழுந்தாள், சேலையைச் சரிசெய்தாள், விரலை வைத்தாள். காய்ந்த விரல். முதல் முறையிலேயே எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு முதல் ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. மேலே சத்தம் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், பெரியக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "வேலை நேரத்துல வேலை செஞ்சேன்." எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அவளுடைய முதல் எச்சரிக்கை. வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாளும் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினார்கள். தினம் ஒருத்தர் முறை வைத்து முன்னால் வர வேண்டும். அவர் விரலை மிஷின் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏற்கும். அன்றைக்கு அவர் ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகலாம். பட்டனின் முறை அவள் புருஷனுடைய வார விடுமுறை நாளில் வரும்படி கேட்டு வாங்கிக்கொடுத்தாள் சின்னக்கா. பட்டனின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், ஆறு மாதத்துக்கு மட்டும். பட்டன் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. பெரியக்காவும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

சாவி இனிமேல் காவலாளியின் அறையில் தொங்கும், யார் முறையோ அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். பெரியக்கா சாவியை வளையத்திலிருந்து கழற்றினாள். லேசில் கழலவில்லை. நகம் உடைந்தது. மேனேஜர் உதவ நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

பட்டனின் முறை வந்த முதல் நாள், பெரியக்கா வழக்கமான நேரத்துக்கே வந்து நின்றாள். வீட்டில் இருக்க முடியவில்லை. கதவு திறந்திருந்தது. பட்டன் சோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் பொத்தான்.

"தண்ணி முழுசா வடிச்சியா? கீழ் குழாயையும் திறக்கணும், வெறுமனே மேல மட்டும்..."

"வடிச்சாச்சுக்கா."

"தொட்டியில மருந்து..."

"கலந்தாச்சு."

"அந்த ஓரத்து மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அதைக் கையால தட்டித்தான்..." பெரியக்கா பையை வைத்துவிட்டு உள்ளே ஓரடி வைத்தாள்.

பட்டன் காதிலிருந்ததைக் கழற்றினாள். "அக்கா. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. வெளிய போய் உக்காருங்க."

"யாரைப் பாத்துடி வெளிய போகச் சொல்ற? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து..."

"போங்கக்கா," என்றாள் பட்டன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க ஒரு நாள் உள்ள வந்து தொட்டீங்கன்னா, அடுத்த வாரம் மறுபடியும் தாள் ஒட்டிடுவாங்க."

பெரியக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திமிர் பிடித்தவள், நாக்கில் எலும்பில்லாதவள், பெற்றவர்கள் அடித்து வளர்க்கவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஓரத்து மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. தவறான பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் சிவப்பாக எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.